மெலிவும் நொய்ம்மையும்

கனம் என்னும் சொல்லை நம்மவர் இரு பொருளில் வழங்குகின்றனர். தூக்க இயலாத மூட்டையைக் கனமானது என்பர். தடித்த துணியையும் கனமானது என்பர். முன்னது எடையைப் பற்றியது; பின்னது தடிப்பைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒரு சொல்லாலே குறித்தலால் அன்றாட வாழ்க்கையில் இடர் ஒன்றும் விளைவதில்லை. கேட்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். ஆயினும், மடிக்கணினி விற்போர் இக்காலத்து இம்மயக்கத்தையே முதலாக வைத்து வாணிகம் நடத்துகின்றனர் என்பது எம் துணிபு. 'கனமே இல்லை' என்று அவர் எடுத்துக் காட்டும் கருவி மெலிந்திருத்தல் கண்கூடு. அது உண்மையில் நொய்தாக உள்ளதா என்பதும், அம்மெலிவின் பொருட்டு அதன்கண் இழக்கப்பட்டவை யாவை என்பதும் கடையில் நின்று காண்பார்க்குப் புலனாவதில்லை. மெலிவு வேறு, நொய்ம்மை வேறு. மாணவராகிய நமக்கு வேண்டுவது பின்னதே. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். விடுதிக்கும் வகுப்பிற்கும் நூலகத்திற்கும் இக்கருவியைச் சுமந்து திரிபவர் நாம். பெற்றோர் பல திங்கள் சிறுகச் சேர்த்த பொருளால் ஒருமுறை வாங்கி, மூவாண்டு படிப்பு முடிந்தபின் தம்பிக்கோ தங்கைக்கோ விட்டுச் செல்ல எண்ணுபவரும் நாமே. சுமப்பார்க்கும் விலை கொடுப்பார்க்கும் வினவும் உரிமை உண்டன்றோ?

இம்மெலிவு வேட்கைக்கு ஒரு தொடக்கநாள் சுட்டவேண்டுமாயின், 2008-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களைச் சுட்டலாம். ஆப்பிள் நிறுவனத் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் என்பார் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மேடையில் அலுவலகத் தாளுறை ஒன்றைக் கையிலேந்தி நின்று, அதனுள்ளிருந்து மாக்புக் ஏர் என்னும் கணினியை உருவி எடுத்தார். அஃது ஒருபுறம் தடித்து மறுபுறம் ஆப்புப்போற் சரிந்த வடிவினது. மிகத் தடித்த இடத்தில் 1.94 சென்டிமீட்டர், மிக மெலிந்த இடத்தில் 0.4 சென்டிமீட்டர், எடை 1.36 கிலோகிராம். குறுந்தகடு சுழற்றும் உறுப்பு அதன்கண் இல்லை. கம்பிவழி இணையத்திற்கு வாயில் இல்லை. யு.எஸ்.பி. வாயில் ஒன்றே ஒன்று. மின்கலம் உள்ளே அடைக்கப்பட்டது. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்னும் பெயரொன்றைப் படைத்து, 30 கோடி டாலர் முதலீட்டு நிதியும் ஒதுக்கி, ஏனைய உற்பத்தியாளரையும் அவ்வழியே ஈர்த்தது. அதன்பின் மில்லிமீட்டர் எண்ணுதல் ஒரு பந்தயமாயிற்று.

இவ்விழப்புகள் யாவற்றையும் ஒருங்கே பழித்தல் நடுவுநிலைமையன்று. பழைய மடிக்கணினி தடித்திருந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. குறுந்தகட்டு உறுப்பு மட்டுமே 12.7 மில்லிமீட்டரோ 9.5 மில்லிமீட்டரோ தடித்தது. சுழலும் வன்தட்டு 9.5 அல்லது 7 மில்லிமீட்டர். பாடல்களும் நூல்களும் இணையத்தின் வழியே வரத் தொடங்கியபின் குறுந்தகடு வேண்டாதாயிற்று. வன்தட்டின் இடத்தில், அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத சில்லுகள் பொருந்திய சிறு பலகை வந்தது. அது மெலிந்ததும் விரைந்ததும் அதிர்ச்சிக்கு அஞ்சாததும் ஆகும். இவற்றால் விளைந்த மெலிவு, மரத்திற் பட்ட கிளையை வெட்டியது போன்றது. எம் பூசல் அதனோடன்று. பட்ட கிளை தீர்ந்தபின்னும் அரிவாளைக் கீழே வையாமையோடு.

அங்ஙனம் பசுங்கிளையை வெட்டிய வரலாறு ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டில் அதே ஆப்பிள் நிறுவனம் 12 அங்குலத் திரையுடைய மாக்புக் ஒன்றை வெளியிட்டது. தடிப்பு 13.1 மில்லிமீட்டர்; எடை 0.92 கிலோகிராம். அவ்வெடை உண்மையில் வியத்தற்குரியதே. ஆனால் அம்மெலிவிற்குள் பழைய விசைகள் அடங்கா. ஆதலின், 'வண்ணத்துப்பூச்சி விசை' எனப் பெயரிட்டுப் புதுவகை விசை ஒன்றை அமைத்தனர். விரல் அழுத்துங்கால் அது கீழிறங்கும் தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. விசைக்கும் அதன் அடித்தளத்திற்கும் இடையே இருந்த வெளி அத்துணைச் சிறிதாகவே, ஒரு துகள் தூசி புகுந்தாலும் விசை அழுந்தாது நின்றது. அல்லது ஒருமுறை தட்ட இருமுறை எழுத்துப் பதிந்தது. 2016-இல் தொழில்முறையாளர்க்குரிய மாக்புக் புரோவிலும் அதனையே பொருத்தினர். முறையீடு பெருகவே, 2018 ஜூனில் அவ்விசைப்பலகைகளை விலையின்றிப் பழுது நீக்கித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019 நவம்பரில் வெளிவந்த 16 அங்குல மாக்புக் புரோவில் பழைய முறை விசைக்கே மீண்டனர். அமெரிக்க நாட்டில் பயனாளர் தொடுத்த வழக்கு 2022-இல் 5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கத் தக்கது வேறொன்று உளது. அக்கணினிகளில் விசைப்பலகை மேலுறையோடு தறைந்து இணைக்கப்பட்டிருந்தது. மின்கலமும் அம்மேலுறையிலேயே பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆதலால் ஒரு விசை பழுதாயின் விசைப்பலகை, மேலுறை, மின்கலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்ற நேர்ந்தது. ஓட்டில் ஓர் ஓடு உடைந்தமைக்குக் கூரை முழுவதையும் பிரித்து வேய்தல் போலும் இது. விசையின் தொலைவு ஏதோ சிறு நுணுக்கம் என்றும் எண்ணற்க. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வார், அகரம் ஏறியவை ஒழிந்த உயிர்மெய்களுக்கு இருமுறை தட்டல் வேண்டும். ஆய்வேடு ஒன்றை முடிப்பதற்குள் விரல்கள் எத்துணை ஆயிரம் முறை இறங்கி எழும் என்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர். அழுத்தினோமா இல்லையா என்பதை விரலே உணர்த்துதல் வேண்டும்; ஒவ்வோர் எழுத்திற்கும் கண் சென்று பார்த்து வருதல் இயலாது.

இனி வெப்பத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நம் நாட்டார்க்கு இதுவே தலையாய செய்தி. கணினியின் செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். அவ்வெப்பம் வெளியேற இரு வழிகளே உள. செப்புத் தகடுகளின் வழியே விசிறி காற்றை ஓட்டி அதனைப் போக்கல் ஒன்று. கணினியின் உலோகத் தோலே அதனை வாங்கிப் புறக்காற்றில் விடுதல் மற்றொன்று. கருவி மெலிய மெலிய விசிறியின் இறகும் மெலியும். மெலிந்த விசிறி முன்போல் அதே அளவு காற்றைத் தள்ளவேண்டின் மிக விரைந்து சுழலல் வேண்டும். அப்பொழுது அது வண்டுபோல் இரையும். அவ்விரைச்சலும் வேண்டாவெனின், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின்மேல் எழுதப்பட்டதாய் நின்றுவிடும்.

தோலின் வழியே வெப்பம் போதல், தோலுக்கும் புறக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கைபட்டால் தாங்கக்கூடிய எல்லை 45 பாகை எனக் கொள்வோம். குளிரூட்டிய 20 பாகை அறையில் வேறுபாடு 25 பாகை. சித்திரை நண்பகலில் வேலூரிலோ மதுரையிலோ திருச்சிராப்பள்ளியிலோ 38 பாகை ஏறிய அறையில் வேறுபாடு 7 பாகையே. வெளியேறத்தக்க வெப்பம் நான்கிலொரு பங்கிற்குச் சற்று மிகுந்த அளவினதாய்ச் சுருங்கிவிடுகின்றது. ஆப்பிள் நிறுவனமே தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 பாகைக்குட்பட்ட இடத்தில் இயக்குமாறு குறிப்பிடுகின்றது. கலிபோர்னியாவின் கடலோரத்து அறையில் வரையப்பட்ட கருவிக்கு அவ்வெல்லை பெரிதாகத் தோன்றியிராது. நம் விடுதிகளிலோ ஏப்ரல் மே திங்கள்களில் அவ்வெல்லை காலைச் சிற்றுண்டிக்குப் பின்னர்க் கடந்துபோகும். இவ்வெம்மை லித்தியம் மின்கலத்தின் ஆயுளையும் அரிக்கும். முதிர்ந்த மின்கலம் சிலபோது உப்புதலும் உண்டு. உப்புதற்கு உள்ளே இடமில்லாத மெலிந்த உடலில் அது தொடுபலகையையோ அடித்தகட்டையோ தூக்கி நிற்கும்.

விசிறியே இல்லாத கணினி நன்கு இயங்குதல் இயலாது என்று இதனாற் கொள்ளற்க. 2020-ஆம் ஆண்டில் ஆப்பிள் வெளியிட்ட இரு மாக்புக் ஏர் கணினிகளை ஒப்புநோக்குக. இரண்டும் 1.61 சென்டிமீட்டர் தடிப்பின, இரண்டும் 1.29 கிலோகிராம், இரண்டன் மின்கலமும் 49.9 வாட்மணி. முன்னது இன்டெல் செயலியும் விசிறியும் உடையது. இணையத்தில் உலவ 11 மணிநேரம் தாங்கும் என்றனர். பின்னது எம்1 என்னும் புதிய செயலி உடையது, விசிறி இல்லாதது, 15 மணிநேரம் என்றனர். உடலில் ஒரு மயிரிழையும் மாற்றாமல் இத்துணை ஆக்கம் விளைந்தது செயலியின் சிக்கனத்தால். நூல் வாசித்தலும் கட்டுரை எழுதலும் பழம்பதிப்புகளின் நிழற்படிவங்களைப் புரட்டலும் செய்யும் எம்மனோர்க்கு விசிறியற்ற கருவி ஒரு பேறே. நூலகத்தில் அருகிருப்பார் முகஞ்சுளிக்கமாட்டார். திரைப்படம் தொகுக்கும் காட்சித் தொடர்பியல் மாணவர்க்கு அஃது அத்துணை ஏற்றதன்று. அதே எம்1 செயலி விசிறியோடு கூடிய மாக்புக் புரோவில் நெடுநேரம் வேகம் தளராது நிற்க, ஏரில் சில நிமிடங்களுக்குப்பின் தளர்ந்தது.

இப்பொழுது தலைப்பிற் கூறிய வேறுபாட்டிற்கு வருவோம். 2022-இல் அந்த ஏர் மீண்டும் மெலிக்கப்பட்டது. ஆப்பு வடிவம் நீங்கி, எங்கும் ஒரே சீராய் 1.13 சென்டிமீட்டர் தடிப்பாயிற்று. எடையோ 1.24 கிலோகிராம். குறைந்த எடை 50 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடை! தோளிற் சுமப்பவர்க்கு இவ்வேறுபாடு தோன்றுமா? இதற்கு மறுதலையாக, 2019-இல் வெளிவந்த எல்.ஜி. கிராம் என்னும் கணினியை நோக்குக. அதன் திரை 17 அங்குலம். தடிப்பு 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மின்கலம் 72 வாட்மணி. எடையோ 1.34 கிலோகிராம். அஃதாவது, 13 அங்குல ஏரைக்காட்டில் மிகப் பெரிதும் தடித்ததுமாகிய ஒன்று, அதனோடு ஏறக்குறைய ஒத்த எடையினதாயிற்று. மக்னீசியக் கலப்பு உலோகத்தால் அதன் கூடு அமைந்தமையே காரணம். அதற்கும் ஒரு விலை உண்டு: அக்கூடு அழுத்தினால் சிறிது நெளியும்; அலுமினியப் பாளத்தைக் கடைந்தெடுத்த கூட்டின் திண்மை அதற்கில்லை. கையில் எடுத்தவர் 'பொம்மை போலுளதே' என்று கீழே வைப்பர். உள்ளே வெற்றிடம் இருத்தல் குற்றமென்று நம் கை நினைக்கின்றது. அவ்வெற்றிடமோ காற்றுப் போகவும், மற்றொரு நினைவகம் செருகவும் உதவுவது.

நினைவகம் என்றவுடன் பணமுடை உள்ளோர் செவிசாய்த்தல் வேண்டும். மெலிந்த கணினிகள் பெரும்பாலானவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றது. இது முற்றிலும் வஞ்சகம் என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. குறைமின் நினைவகம் செயலிக்கு மிக அண்மையில் நேரே இணைக்கப்படின், மின்செலவு குறையும், வேகம் மிகும். ஆயினும் விளைவு யாது? வாங்கும் அன்றே, ஐந்தாண்டுக்குப்பின் எத்துணை நினைவகம் வேண்டுமென்று ஊகித்து, உற்பத்தியாளர் குறித்த மிகைவிலையைக் கொடுத்தாக வேண்டும். முன்னாளிலோ 4 ஜி.பி. உடையதை வாங்கி, கையிற் பொருள் சேர்ந்தபின் சென்னை ரிச்சித் தெருவிலோ நம் ஊர்க் கடையிலோ மற்றொரு பலகை செருகிக்கொள்ளல் எளிதாயிருந்தது. செல்வர்க்கு இரண்டும் ஒன்றே. தவணையில் வாழும் குடும்பத்திற்கு, இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று செலவிட இயலுதலே கருவியின் பெருஞ்சிறப்பு. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பல இல்லங்களில் முதற் கணினியாய் நுழைந்தன. அழகிற் சிறந்தவை என்று அவற்றை எவரும் புகழ்ந்திலர். எனினும், அவற்றுட் பலவற்றின் மின்கலத்தைத் திருப்புளியும் இன்றிக் கழற்றலாம். அக்கா படித்து முடித்த கணினியிலே தம்பி படித்த வீடுகள் நம் வகுப்பிலேயே உள. அப்பழைய பெட்டியின் தடிப்பே அதன் இரண்டாம் வாழ்விற்கு இடமளித்தது.

மெலிவும் பழுது நீக்கலும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குமோ எனின், விலக்கா. 2021-இல் அமெரிக்காவில் தோன்றிய ஃபிரேம்வொர்க் கணினி இதற்குச் சான்று. எடை 1.3 கிலோகிராம், தடிப்பு 15.85 மில்லிமீட்டர்; மேற்கூறிய 2020-ஆம் ஆண்டு ஏரோடு ஏறக்குறைய ஒத்தது. ஆயின் அதன் நினைவகம், மின்கலம், திரை, விசைப்பலகை, வாயில்கள் யாவும் ஒரே திருப்புளியால் கழற்றி மாற்றத்தக்கன. அத்திருப்புளியையும் கணினியோடு கொடுத்தனர். அதன் மின்கலம் ஏரளவு நீடித்ததில்லை என்பதையும் ஒளியாது கூறவேண்டும். 2024-இல் லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் பி1 கணினியில் எல்.பி.கேம்2 என்னும் புதுவகை நினைவகப் பலகை வந்தது. பற்றவைக்கும் குறைமின் நினைவகத்தையே திருகாணியால் இறுக்கிக் கழற்றத்தக்கதாய் அமைத்தது அது. 'மெலியவேண்டின் ஒட்டத்தான் வேண்டும்' என்ற வாதம் இதனால் வலிமை குன்றிற்று.

வாங்குவோரே மெலிவை விரும்புகின்றனர், விற்போர் என் செய்வார் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அதனில் ஓரளவு உண்மையும் உண்டு. அழகை விரும்புதல் குற்றமன்று. எனினும் கடையில் மெலிவு ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரிகின்றது. மூன்றாம் ஆண்டின் மின்கலமும், நான்காம் ஆண்டின் நினைவகக் குறையும் தெரிவதில்லை. தெரிவதைக் கொண்டு தெரிந்தெடுத்தவரைத் தெரியாததன் பொருட்டுப் பழித்தல் முறையோ? அன்றியும், பந்தயத்தை முன்னின்று நடத்திய நிறுவனமே திரும்பி நடந்ததும் உண்டு. மெலிவின்பொருட்டு நீக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. வாயிலும் நினைவட்டை வாயிலும் 2021 அக்டோபரில் மாக்புக் புரோவில் மீண்டும் வந்தன. அதன் 16 அங்குலக் கணினி முன்னதினும் தடித்தது. வாங்கியவர் அதனைத் திருப்பி அனுப்பவில்லை.

கடைக்குச் செல்லும் நண்பர்க்கு எம் யோசனை இது: மில்லிமீட்டரைக் கேளற்க, மின்னேற்றியோடு சேர்த்து எடை எத்துணை என்று கேட்க. நினைவகம் கழற்றத்தக்கதா, மின்கலம் திருகப்பட்டதா ஒட்டப்பட்டதா என்று கேட்க. விடை கிடைப்பது அரிது. பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினியின் விலைக்கருகே, பழுது நீக்குதற்கு எளிமை பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் எழுதி வைத்தல் சட்டமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கலச் சட்டமோ, 2027 பிப்ரவரி 18 முதல் சிறுகருவிகளின் மின்கலத்தைப் பயனாளரே கழற்றி மாற்றுமாறு அமைத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. நம் நாட்டில் நடுவணரசின் நுகர்வோர்துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. அது நல்ல தொடக்கம். அவ்வெண்ணை நம் கடைகளிலும், 'கனமே இல்லை' என்னும் அட்டைக்குப் பக்கத்திலேயே, அதே பருமையுள்ள எழுத்தில் எழுதி வைக்கச் செய்தல் வேண்டும்.